அம்மா வயலுக்குப் போவதை நிறுத்தினாள்

அப்பா காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். காலையில் சைக்கிளை எடுத்தால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். எங்கள் வயலைப் பார்த்தது அம்மா. நாற்றுப் பாவுவது, நடவுக்கு ஆள் கூப்பிடுவது, கண்மாய்த் தண்ணீருக்காக மடையில் நின்று சண்டை போடுவது, எல்லாம் அவள்தான். என்னைப் பெற்ற பச்சை உடம்போடு களையெடுக்கப் போனதைக்கூட அவள் ஒரு குறையாகச் சொன்னதில்லை. அது தன் வயல் என்று நினைத்திருந்தாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம் நல்ல மழை. எங்கள் வயலில் விளைந்ததுபோல் சுற்றுவட்டாரத்தில் எங்கும் விளையவில்லை. பொங்கல் முடிந்ததும் பள்ளிக்கூட மைதானத்தில் விழா வைத்து, சிறந்த விவசாயி என்று அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பட்டா அவர் பெயரில்தானே இருந்தது.

அப்பா மைக்கைப் பிடித்தார். "ராப்பகலா இந்த மண்ணுல ஒத்தையில கெடந்து பாடுபட்டேன்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

எங்கள் வயலில் நடவு நடும் அக்கா ஒருத்தி அம்மாவின் காதருகே குனிந்து, "என்னத்தா, ஒன்னையப் பத்தி ஒரு பேச்சையும் காணோம்?" என்றாள்.  அம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் காலையில், நெல் அறுத்த வயலில் போட்டிருந்த கடலைக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருந்தும், அவள் அடுப்படியை விட்டு நகரவில்லை.

"கடலைக்குத் தண்ணி பாய்ச்சப் போகலையா?" என்று அப்பா கேட்டார்.

"ஒத்தையிலதானே பாடுபட்டீக? நீகளே போயிப் பாச்சுங்க."

அப்பா சிரித்தார். கோபம் ஆறிவிடும் என்று நினைத்து சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அது ஆறவில்லை. கடலை கருகியது. 'பாடுபட்டது நீதான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா வயலில் இறங்கியிருப்பாள். அப்பா அந்த வார்த்தையைச் சொல்லாமல் வயலைக் குத்தகைக்கு விட்டார்.

அதனால் நொந்தது அவரல்ல, அம்மாதான். விடியுமுன் எழுந்து பழகிய உடம்பு சும்மா உட்கார முடியாமல் தவித்தது. கூட்டிய வாசலையே மறுபடி கூட்டுவாள். கோயிலுக்குப் போகும்போது வயல் கண்ணில் படாமல் கண்மாய்க்கரையைச் சுற்றிக்கொண்டு போவாள். மழை பெய்தால் மட்டும் வாசலில் வந்து நின்று, தண்ணீர் எங்குட்டு ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

பல வருடம் கழித்து அப்பா இறந்துபோனார். துக்கத்துக்கு வந்தவர்கள், "மண்ணே உசுருன்னு இருந்த மனுசன்" என்றார்கள். அதுவரை அழுதுகொண்டிருந்த அம்மா சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். அதன்பின் அவள் அழுது நான் பார்க்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் நான் சொன்னேன்: "அம்மா, குத்தகைய நிறுத்திருவோம். இனிமே ஒங்க இஷ்டம்போல வெள்ளாமை பாருங்க."

 அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காரப் பார்த்தாள். முழங்கால் மடங்கவில்லை. முகம் வலியில் கோணியது.

"இந்தக் கால வச்சுக்கிட்டு வரப்புல எப்புடிடீ ஏறுவேன்?" என்றாள். "அடுத்த போகத்தையும் குத்தகைக்காரவுகளே பாக்கட்டும்னு சொல்லிரு."