கணுக்காலில் வயலின் வைத்த இடம்

அந்தக் கச்சேரியில் ரத்தத்தை முதலில் பார்த்தது நான் இல்லை, மிருதங்கம் வாசித்த சுப்பையாதான். மடவார் வளாகம் கோயிலில் தனி ஆவர்த்தனம் ஆரம்பிக்க வேண்டிய நேரம். அவரோ மிருதங்கத்தில் கை வைக்காமல் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, கால்ல ரத்தம் வருது. வலிக்கலையா?"

குனிந்து பார்த்தேன். பிருடையில் (தந்தியை முறுக்கும் ஆணி) சுற்றியதுபோக நீட்டிக்கொண்டிருந்த தந்தி நுனி, என் வலது கணுக்காலில் குத்தி இறங்கியிருந்தது. சேலைக் கரை நனைந்திருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. சுப்பையா தன் தோள் துண்டால் துடைத்துவிட்டார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்து அலுத்துப்போய், என்னைத் தவிர நான்கு வயலின், ஒரு மிருதங்கம் என்று பாட்டே இல்லாத ஒரு குழுவை நடத்திவந்தேன். நான் வில்லை உயர்த்தினால் எல்லோரும் எடுக்க வேண்டும், இறக்கினால் நிறுத்த வேண்டும்.

தரையில் உட்கார்ந்து வாசிக்கிற எங்களுக்கு வயலினின் தலை கணுக்காலில்தான் நிற்கும். வருஷக்கணக்கில் அழுத்தி அந்த இடம் தடித்துப்போகும். எங்களுக்குள் அதில் ஒரு பெருமைகூட உண்டு. என் தழும்பைச் சுற்றித் தோல் வெளுத்து மரத்துக் கிடந்தது. அதையும் சாதகம் செய்ததன் அடையாளம் என்றே நினைத்திருந்தேன். வலது சுண்டுவிரல் வில்லை விட்டு வழுக்கியதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்: வியர்வை. காரணம் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரி.

என் கணவர் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டரம்மா என் கண்களை மூடச் சொன்னார்.

"பஞ்சால தொடுவேன். தெரிஞ்சா சொல்லுங்கம்மா."

காத்துக்கொண்டே இருந்தேன். கண்ணைத் திறந்தபோது பஞ்சு மேசைமேல் இருந்தது. கணுக்காலிலும் வலது சுண்டுவிரலிலும் தொட்டு முடித்திருந்தார்.

"அது வயலின் தழும்பு டாக்டர்" என்றேன்.

"சுண்டுவிரல்லயும் தெரியலையேம்மா. அதுலயா வயலின் வச்சீங்க?"

என் முழங்கையைத் தடவிப் பார்த்தார். அல்நார் நரம்பு (சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் உணர்ச்சி கொண்டுபோகும் நரம்பு) கயிறு மாதிரி தடித்திருந்தது. தொழுநோய் என்றார்.

என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "என்ன டாக்டர் சொல்லுதிய? நம்ம வீட்டுல எப்படி வரும்?"

"யாருக்கும் வரும். மருந்து ஆரம்பிச்சுட்டா மத்தவங்களுக்குப் பரவாது."

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "வில்லு பிடிக்க முடியுமா?"

"நோய் போயிரும். போன உணர்ச்சி திரும்பும்னு சொல்ல மாட்டேன்."

கூட்டு மருந்து சிகிச்சை (பல மாத்திரைகளைச் சேர்த்துத் தருவது) தொடங்கியது. ஒரு மாத்திரையால் சிறுநீர் சிவந்தது, இன்னொன்றால் முகம் கறுத்தது. இரண்டும் மருந்தின் வேலைதான், பயப்பட வேண்டாம். நான் பயந்து ஒருமுறை நிறுத்திவிட்டு டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். உங்களுக்கு ஒன்று சொல்வேன்: மரத்த இடத்துக்கு நீங்களாக ஒரு காரணம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

நோய் போனது. விரல் திரும்பவில்லை. வயலினைப் பெட்டியில் வைத்து மூடினேன். வீட்டுக்கு யாரும் வரவில்லை. பிறகு ஒருநாள் சுப்பையா வந்தார். வாசல்படியைத் தாண்டாமலே பேசினார்.

"அக்கா, விவரம் கேள்விப்பட்ட அன்னைக்கு அந்தத் துண்ட எரிச்சுட்டேன்."

என் ரத்தத்தைத் துடைத்த துண்டு. டாக்டர் நோயின் பெயரைச் சொன்னபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

"இப்ப எதுக்கு வந்தீக?"

"இப்பவும் கொஞ்சம் பயந்தான். ஆனா நீங்க இல்லாம ஒருத்தருக்கும் எடுப்பு சேர மாட்டேங்குது, ஆளுக்கொரு இடத்துல ஆரம்பிக்கிறாங்க. வில்லு வேண்டாம். முன்னால உக்காந்து தாளம் மட்டும் போடுங்க. நான் பக்கத்துலயே இருக்கேன்." சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அதே கோயிலில் குழுவுக்கு எதிரே உட்கார்ந்தேன். ஆதி தாளம். தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல். தட்டியதும் சுண்டுவிரலை வைத்தேன், ஒன்றும் தெரியவில்லை. மோதிர விரலிலும் இல்லை. தட்டுக்கும் நடுவிரலுக்கும் நடுவே காலமே காணாமல் போய்விட்டது. நான்கு வில்லும் என்னைப் பார்த்து உயர்ந்து நின்றன.

மறுபடி தட்டினேன். அப்போதுதான் கவனித்தேன். விரலுக்குத் தொடை தெரியவில்லை, தொடைக்கு விரல் தெரிந்தது. சுப்பையா மிருதங்கத்தில் கை வைத்தார். இன்றைக்கும் என் குழு, என் தொடைக்கு மட்டும் தெரிகிற அந்தக் கணக்கில்தான் வாசிக்கிறது.