குளியலறைக் கதவும் கார்பன் மோனாக்சைடும்

டாக்டர் படிப்புக்கான நுழைவுத் தேர்வை அக்கா இரண்டாம் முறை எழுதவிருந்த வருடம் எனக்கு ஒன்பது வயது. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா ஆபீஸிலிருந்து வர இருட்டிவிடும். மைசூரில் எங்கள் வாடகை வீட்டில், பள்ளி விட்டு வந்ததும் எனக்கு ஓர் உத்தியோகம் காத்திருக்கும். வேதியியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அக்காவைக் கேள்வி கேட்க வேண்டும். ஆர்கானிக், இன்ஆர்கானிக் எல்லாம் வாயில் நுழையாத பெயர்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். பதில் தப்பென்றால் பென்சிலால் பெருக்கல் குறி போடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

சுற்றுச்சூழல் வேதியியல் மட்டும் ஓரளவு புரிந்தது. புரிந்ததுதான் வினையாகிவிட்டது.

"கார்பன் மோனாக்சைடுன்னா என்னக்கா?"

"விஷ வாயு. நிறம் இல்ல, வாசனை இல்ல. ரத்தத்துல ஆக்ஸிஜன் சேர விடாது. தூங்குற மாதிரியே போயிடுவோம்."

"எங்க இருக்கும்?"

"காத்து வராத பாத்ரூம்ல கேஸ் கீசர் எரிஞ்சாக்கூட வரும். அடுத்தது கேளுடி."

எங்கள் பாத்ரூமிலும் கேஸ் கீசர்தான். குளிருக்காக அப்பா வென்டிலேட்டரை அட்டையால் அடைத்திருந்தார். அன்றிலிருந்து யார் குளிக்கப் போனாலும் வெளியே வரும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வாரமே ஒரு மாதிரித் தேர்வின் மதிப்பெண் அக்காவின் போனுக்கு வந்தது. பார்த்தாள். துண்டை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனாள். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. நெடுநேரமாகியும் அது நிற்கவில்லை.

"அக்கா!"

பதில் இல்லை. கதவைத் தட்டினேன். தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். பின்பக்கம் ஓடி, இரண்டு கைகளாலும் முறுக்கிக் கீசர் சிலிண்டரை மூடினேன். பிறகு மாடிக்கு ஓடி வீட்டுக்கார ஆன்ட்டியின் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். "ஏனாயித்து மகு?" என்று கன்னடத்தில் என்ன ஆயிற்றென விசாரித்தபடியே வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவை ஓங்கி ஓங்கித் தட்டினார்.

கதவு திறந்தது. அக்கா நின்றாள். தலைமுடி நனையவில்லை, உடுப்பு நனையவில்லை. கண்கள் வீங்கியிருந்தன. கீசர் எரியவே இல்லை. வாளி நிரம்பிப் பச்சைத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"கண்ணுல சோப்பு போயிடுச்சு ஆன்ட்டி" என்றாள்.

நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். "தலை சுத்துதாக்கா?"

"இல்லடி."

வாயு இல்லை, அக்கா உயிரோடு இருக்கிறாள். எனக்கு அது போதும். அன்று மாலை அப்பா அட்டையை எடுத்துவிட்டார். என் பயம்தான் போகவில்லை. மறுநாளிலிருந்து அவள் குளிக்கும்போதெல்லாம் கதவுக்கு வெளியே புத்தகத்தோடு உட்கார்ந்தேன். நான் ஒரு கேள்வி கேட்பேன். உள்ளேயிருந்து பதில் வரும். பதில் தப்பானாலும் பரவாயில்லை, குரல் வந்தால் சரி. தேர்வு நாள் காலைவரை அப்படித்தான் அவளைக் காப்பாற்றினேன்.

வேண்டாம் என்று அக்கா ஒருநாளும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவளை யாரும் கேள்வி கேட்காத இடம் அது ஒன்றுதான் என்பது எனக்கு அப்போது தெரியாது.