கிளட்ச் பெடலுக்கு விளக்கெண்ணெய்

"போச்சா மாப்ள?" என்று மச்சான் என்னைப் பார்த்துக் கேட்டது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத்தலையோடு பஸ்ஸின் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். கையில் விளக்கெண்ணெய்க் கிண்ணம். வலக்காலை மடக்கி வைத்துக்கொண்டு இடக்காலால் கிளட்ச் பெடலை மிதிப்பதும் விடுவதுமாக இருந்தார். ஒவ்வொரு மிதிக்கும் பெடல் கிறீச்சென்று கத்தியது. வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்து அடுத்த மரத்துக்குப் போய்விட்டன. அவர் முகத்திலோ வேலை முடிந்துவிட்ட திருப்தி.

மச்சான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். உலகச் சண்டைக் காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸின் முதுகில் கரியடுப்பைக் கட்டி, அதன் புகையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஜலகண்டாபுரத்திலிருந்து ஓமலூர் வழியாகச் சேலம் போகும் பஸ்ஸுக்கு அவர் டிரைவர், நான் கண்டக்டர். ராத்திரி வண்டி அக்கா வீட்டு வாசலில்தான் நிற்கும். கல்யாணமாகாத எனக்கும் அந்த வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை எல்லாம். மச்சானுக்குப் பெருமைக்காரர் என்று பாதையெங்கும் பேர். பின்னால் எவன் ஹாரன் அடித்தாலும் லேசில் வழிவிட மாட்டார். "கலெக்டரே வந்தாலும் நம்ம டிரைவர் ஒதுங்க மாட்டாருங்க" என்று நூல் மூட்டைகளோடு ஏறும் நெசவுக்காரர்கள் சொல்வார்கள். கேட்க எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எனக்கென்று அவர் போட்ட சட்டமும் ஒன்று உண்டு. விசில் ஊதக் கூடாது. "அது போலீஸ்காரன் சமாச்சாரம் மாப்ள. பலகையைத் தட்டு, மரியாதையா நிறுத்தறேன்" என்பார். ஏதோ பெரிய மனுசக் கோணங்கித்தனம் என்று நினைத்து நானும் தட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெடல் இரண்டு மாதமாக எங்கள் மானத்தை வாங்கியது. கியர் மாற்றும்போதெல்லாம் கத்தும், மடியில் தூங்குகிற குழந்தை விழித்து அழும், தாய்மார்கள் என்னைத் திட்டுவார்கள். சேலம் ஷெட்டு மெக்கானிக், பெடல் சுழலும் அடிக்குடத்தில் இரண்டு தடவை கிரீஸ் வைத்தார். இரண்டு நாள் அடங்கியிருந்து மறுபடி ஆரம்பித்தது. ஒரு நாள் முதலாளியே முன்சீட்டில் ஏறி ஓமலூர் வரை வந்தார். இறங்கும்போது மச்சானுக்கு நேரே நின்று, "ஏப்பா, இந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு எப்படித்தான் வண்டி ஓட்டறே?" என்றார்.

மச்சான் நிதானமாக, "என்ன சத்தமுங்க?" என்றார்.

வண்டியே சிரித்தது. முதலாளியும் சிரித்துவிட்டு, "திங்கக்கிழமை வாரேன். அதுக்குள்ள சரியாகியிருக்கோணும்" என்று சொல்லிப் போனார். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான்தான். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அந்தச் சனிக்கிழமை கரி வரவில்லை, வண்டியும் ஓடவில்லை. மச்சானுக்கு அக்கா எண்ணெய் தேய்த்துவிட்டாள். தலைக்குத் தேய்த்து, இரண்டு காதிலும் வெதுவெதுப்பாக விட்டாள். உடம்புச் சூட்டுக்கு என்று நினைத்துக்கொண்டேன். குளித்து வந்தவர் கிண்ணத்தில் மீந்ததை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். கால் வைக்கும் பலகைகளைக் கழற்றி, பெடலின் அடிக்குடத்தில் எண்ணெயை ஊற்றி மிதித்தார். அப்போதுதான் கேட்டார், போச்சா என்று.

"இல்லீங்க மச்சான், கத்துதே" என்றேன். அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

வாசலில் நின்ற அக்காவிடம் போய், "உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"ரெண்டு வருசமாத் தெரியும் சாமி" என்றாள். "கனத்த சத்தம் கேக்குது. விசிலு, ஹாரனு மாதிரி சன்னச் சத்தந்தான் கேக்கறதில்ல. நானும் எண்ணெய ஊத்தி ஊத்திப் பாக்கறேன். வேல போச்சுன்னா என்ன பண்றது?"

எனக்குக் கோபம் வந்தது. நாற்பது பேரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஹாரன் கேட்காத மனுஷனோடு இரண்டு வருஷம் போய்வந்திருக்கிறேன். பெருமை என்று ஊரே கொண்டாடியது வெறும் காதுக் கோளாறு. ஆனால் அந்த வேலையில் வந்த சோற்றைத்தான் நானும் தின்றுகொண்டிருந்தேன்.

மச்சான் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார். "நீ மேல ஏறி மிதி மாப்ள" என்றார். நான் மிதிக்க மிதிக்க, விரல் நுனியை ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தார். "இங்க இல்ல. இங்கயும் இல்ல." கடைசியில், "இங்கதான் நடுங்குது" என்றார். பெடலை மேலே இழுத்துக்கொள்ளும் ஸ்பிரிங்கின் கொக்கி அது. இரும்புத் துளையில் தேய்ந்து தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. காதுள்ள நாங்கள் எல்லாம் சேர்ந்து அடிக்குடத்தில்தான் சத்தம் என்று சாதித்திருந்தோம். பழைய இடுப்புவாரிலிருந்து ஒரு துண்டு தோலை நறுக்கி, விளக்கெண்ணெயில் தோய்த்து, கொக்கிக்கும் துளைக்கும் நடுவில் வைத்துச் சுற்றினார். மிதித்தேன். பெடலிடம் மூச்சில்லை. மச்சான் விரலை எடுத்துக்கொண்டு, "போச்சு" என்றார். இந்தத் தடவை என்னைக் கேட்கவில்லை. காதுக்குப் பலிக்காத எண்ணெய் பெடலுக்குப் பலித்துவிட்டது என்று அக்கா பிற்பாடு ரொம்ப நாள் கேலி செய்தாள்.

திங்கட்கிழமை முதலாளி சொன்னபடி ஏறினார். மச்சானுக்குக் கேட்காமல் போனால் சொல்வதற்கு, எஞ்சின் இரைச்சலில் காதில் விழவில்லை என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். ஓமலூரில் வண்டி நின்றதும் முதலாளி, "பரவால்லியே, யாரு சரி பண்ணுனது?" என்று மச்சானின் முதுகைப் பார்த்துக் கேட்டார். மச்சான் திரும்பவில்லை. மறுபடி கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மச்சான் தற்செயலாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"ஏதாச்சும் கேட்டீங்களாங்க? எனக்குக் காது மட்டுப்பட்டுப் போச்சுங்க. பெடல் கத்துனது எனக்குக் கேக்கவே இல்லீங்க. இனி நான் ஓட்டறது ஞாயமில்லீங்க" என்றார்.

வண்டியில் ஒருவரும் சிரிக்கவில்லை. முதலாளி, கோளாறைக் கண்டுபிடித்தது யார், எப்படி என்று என்னிடம் கேட்டார், சொன்னேன். மச்சானின் வலது கையைப் பிடித்து விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவருக்கு எதிரில் போய் நின்றுகொண்டு, "நாளையிலிருந்து ஷெட்டு வேலைக்கு வந்துரு" என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். சேலத்திலிருந்து வேறு டிரைவர் வரும்வரை பயணிகள் முணுமுணுத்தபடி வெயிலில் காத்திருந்தார்கள். அதற்கப்புறம் பல வருஷம் மச்சான் என் வண்டியிலேயே ஏறி ஷெட்டுக்குப் போய்வந்தார். பலகையில் உள்ளங்கையை வைத்தபடி வருவார், புது டிரைவருக்குக் கியர்பெட்டியைப் பற்றிப் புத்தி சொல்வார். சந்தோஷமாகத்தான் இருந்தார். வழியும் விட்டோம், யாரும் எங்களைப் பெருமைக்காரர்கள் என்று சொல்லவில்லை.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது அழப்போகிறாள் என்று பயந்தேன். அவள் மச்சானுக்கு நேரே வந்து நின்று, "இனி ஓட்ட வேண்டாமா?" என்று கேட்டாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். விளக்கு வைக்கிற நேரத்தில் படுத்தால் எங்களை விரட்டி எழுப்புகிறவள், அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் பாயை விரித்துப் படுத்தாள். "இந்த ரெண்டு வருசமா வண்டி ஊடு வந்து சேர்றதுக்குள்ள என் உசுரு எங்கிட்ட இருந்ததில்ல சாமி" என்று என்னிடம் சொன்னவள், அடுத்த நிமிஷம் தூங்கிவிட்டாள். மச்சானும் நானும் சோறாக்கினோம். அவர் பானையையும் சட்டியையும் போட்டு உருட்டினார், அது அவருக்குக் கேட்கவில்லை. அக்காவும் எழுந்திருக்கவில்லை.