நாய்க்கு ஒரு பங்கு

ராசிபுரம் பக்கத்தில் மேட்டுக்காடு உழுதவன் மாதையன். உலக யுத்தம் நடந்த நாட்களில் மழையும் பொய்த்துவிட, வீட்டில் கறிச்சட்டி அடுப்பேறியே மாதக்கணக்காகிவிட்டது.

அந்த ஊர் முயல் வேட்டையில் ஆளுக்கு ஒரு பங்கு, நாய்க்கும் ஒரு பங்கு. நாய் இருந்தவரை மாதையன் இரண்டு பங்கு வாங்கினான். அது செத்த பிறகு ஒன்றுதான். வீட்டிலுள்ள வாய்களுக்கு அது காணாது. அதனால் அடுத்த வேட்டைக்குச் சின்ன மகள் சின்னாயியைக் கூட்டிப் போனான்.

“நாய்க்குப் பதிலா புள்ளையா? மோப்பம் புடிக்குமா மாதையா?” என்றார் வலைக்காரர் ராசப்பன். கூட்டம் சிரித்தது.

“வலைகிட்ட நிக்கட்டுங்கண்ணா. புடிச்சா பங்கு குடுங்க.”

“உட்டுட்டா உன் பங்கும் கெடையாது. எல்லாருக்கும் உள்ள வழக்கந்தான்.”

மாதையன் ஒத்துக்கொண்டான். “மொசலு உழுந்ததும் வலையோட அமுக்கிப் புடி, சாமி” என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தான்.

ஆட்கள் புதர்களைத் தட்டிக் கூச்சலிட, ஒரு முயல் நேராக வந்து அவள் முன்னே வலையில் விழுந்தது. சின்னாயி பாய்ந்து அமுக்கினாள். ஆனால் ஆட்டுக்குட்டி தூக்கிப் பழகிய பிள்ளை. வலையை விலக்கி, முயலை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினாள். அது கையைக் கீறிவிட்டுத் துள்ளி ஓடியது.

விழுந்த மற்ற முயல்களைப் பங்கு போடும்போது மாதையனை யாரும் கூப்பிடவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

“அடுத்த தடவ உடமாட்டேனுங்கப்பா” என்றாள் சின்னாயி, வழியில்.

“அடுத்த தடவ நம்மளச் சேக்கமாட்டாங்க சாமி.”

வீட்டில் அவன் மனைவி அத்தாயி மிளகாயும் மல்லியும் அரைத்து வைத்திருந்தாள். வெறுங்கையைப் பார்த்தவள், அரைத்ததை வெறும் தண்ணீரில் கரைத்துக் கொதிக்க வைத்தாள்.