சனிக்கிழமைச் சிபாரிசு

எங்கள் வீட்டில் ஒரு புத்தகம் சும்மா கைமாறாது. கொடுப்பவர் அதை ஏன் படிக்க வேண்டும் என்று வாயால் சொல்லியாக வேண்டும். முடிவை மட்டும் சொல்லிவிடக் கூடாது. அம்மாவும் அவளுடைய மூன்று சிநேகிதிகளும் சேர்ந்து போட்டுக்கொண்ட சட்டம் இது. மைசூர் என்.ஆர். மொகல்லாவில் நாங்கள் குடியிருந்த வீட்டின் முன்னறையில் சனிக்கிழமை மத்தியானங்களில் நால்வரும் கூடுவார்கள். நாவலாக இருந்தால் அதில் வரும் மாமியாரை ஆளுக்கு ஒரு பாட்டம் திட்டுவார்கள். கைவேலைப் புத்தகமாக இருந்தால் நாலு வரிசையாவது பின்னிக் காட்டிவிட்டுத்தான் சிபாரிசு செய்ய வேண்டும். நல்ல புத்தகத்தைச் சொதப்பலாகச் சொன்னவருக்கு அன்று காப்பி கிடையாது என்று மிரட்டுவார்கள். பிறகு கொடுத்துவிடுவார்கள்.

சிபாரிசு என்ற சொல்லை அவர்கள் வேடிக்கைக்காகத்தான் வைத்துக்கொண்டார்கள். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததே யாரோ செய்த சிபாரிசில் என்பதால் அவருக்கு மட்டும் அந்தச் சொல் பிடிக்காது. சனிக்கிழமைகளில் செருப்பை மாட்டிக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவார்.

அம்மா கோபிச்செட்டிபாளையத்துப் பெண். கல்யாணமாகி வந்து பத்து வருடத்துக்கு மேலாகியும் அவளுடைய கன்னடம் காய்கறிக் கூடையைத் தாண்டவில்லை. எனக்கு நேர்மாறு. கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்ததால் தமிழ் என் வாயில் இருந்தது, கண்ணில் இல்லை. தமிழ் எழுத்தைப் பார்த்தால் தட்டில் முறுக்குப் பிழிந்து வைத்த மாதிரிதான் தெரியும். அதனால் அம்மாவின் புத்தகங்களில் எனக்கு எந்த அக்கறையும் இருந்ததில்லை.

காவிரித் தண்ணீருக்காகக் கலவரம் வந்த டிசம்பரில் அந்தக் கூட்டம் கலைந்தது. எங்கள் தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மாதான் அந்த நாட்களில் எங்களுக்குப் பாலும் காயும் வாங்கிவந்து கொடுத்தார். இருந்தாலும் பயம் வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டது. சிநேகிதிகளில் ஒருவர் குடும்பத்தோடு சேலத்துக்குப் போனார். இன்னொருவர் கொள்ளேகாலில் இருந்த அண்ணன் வீட்டுக்கே போய்விட்டார். அப்பா கண்ணில் பட்ட தமிழ்ப் புத்தகங்களையெல்லாம் அட்டைப்பெட்டியில் கட்டி, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு நண்பர் வீட்டுப் பரணுக்கு அனுப்பிவைத்தார். பேருந்து நிலையத்துக் கடையில் தமிழ் வாரப் பத்திரிகைகள் தொங்குவதும் நின்றுபோயிற்று. கலவரம் சில நாளில் அடங்கிவிட்டது, பயம் அடங்க மாதங்கள் ஆயின. வாயைத் திறந்தால் தமிழ் வந்துவிடும் என்று அம்மா வாசல் பக்கமே போகமாட்டாள். அப்பா வேலைக்கும் நான் பள்ளிக்கும் போன பிறகு அவள் யாரோடு பேசினாள் என்று எனக்குத் தெரியாது. யாரோடும் பேசவில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது.

மிஞ்சியவர் நர்ஸ் ஆன்ட்டி ஒருவர்தான். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர், பேச்சில் கன்னடம் கலந்துதான் வரும். இரண்டு தெரு தள்ளி, மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. ஆஸ்பத்திரி வண்டி வந்து அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும். நடுவில் எங்கும் இறங்கக் கூடாது என்பது அவருடைய கணவரின் கட்டளை. அம்மாவுக்கும் அதே கட்டளை, வேறு வீட்டில். எனவே சிபாரிசுகளைச் சுமக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் தெருவில் கன்னடத்தில் சண்டைகூடப் போடுவேன், என்னை யார் கேட்கப்போகிறார்கள்?

அம்மா புத்தகத்துக்குக் கன்னட நாளிதழால் அட்டை போடுவாள். அதன்மேல் நான் என் சமூக அறிவியல் பாடப்புத்தகம்போல ‘சமாஜ விஞ்ஞான’ என்று கன்னடத்தில் எழுதி லேபிள் ஒட்டுவேன். பிறகு பாடம் நடக்கும். ஆன்ட்டியை அம்மா ‘அக்கா’ என்பாள்.

“அக்காகிட்ட என்ன சொல்லோணும்? சொல்லு கண்ணு, பாக்கலாம்.”

“இந்த நாவல்ல மழை பேயற இடம் ரொம்ப நல்லாருக்கு. அதைப் படிக்கறப்ப அடுப்புல எதையும் வெக்காதீங்க, தீஞ்சுபோயிரும்.”

பிசகாமல் சொன்னால்தான் பை என் தோளுக்கு வரும். அங்கே போனால் ஆன்ட்டி கதவைச் சாத்திவிட்டு, நான் சொல்வதை நின்றபடியே கேட்பார். பிறகு அவருடைய புத்தகம் என் பைக்குள் போகும். வாரத்தின் நடுவில் ஒருநாள் இரண்டு புத்தகங்களும் அதே பையில் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடும்.

“அம்மாகிட்ட சொல்லு பங்காரா, இந்த ஸ்வெட்டர் புக்கு சக்கத்தா இருக்குன்னு. கழுத்து பின்னறப்ப மட்டும் அவசரப்பட பேடான்னு சொல்லு. நானே மூணு வாட்டி பிரிச்சுப் பின்னினேன், கொத்தா?”

நான் இதை, சக்கத்தாவை ‘ஜோரா’ என்றும் பேடாவை ‘வேண்டாம்’ என்றும் மாற்றி, வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்து அம்மாவிடம் ஒப்பிப்பேன். அப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, எதுவும் தெரியாதவர்போல் இருப்பார்.

ஒரு சனிக்கிழமை தூறல். போகும் வழியில் நாளிதழ் அட்டை ஊறிக் கிழிந்துவிட்டது. உள்ளே ரயில் நிலையத்தில் குடை பிடித்து நிற்கும் ஒரு பெண்ணின் படம். அவளை எனக்குத் தெரியும். பொங்கலுக்கு முன்பே ஒருதரம், அம்மா அட்டை போடும்போது பார்த்திருக்கிறேன். அன்று அவளுடைய நடையைப் பற்றிச் சிபாரிசு, அப்புறம் அவளுடைய மாமியாரைப் பற்றி, இப்போது மழையைப் பற்றி. எல்லாம் ஒரே புத்தகம்! ஆன்ட்டி வீட்டு வாசலிலேயே நான் விஷயத்தை உடைத்துவிட்டேன்.

“ஆன்ட்டி, இது நீங்க படிச்சதுதான். அம்மா மறந்துபோய் மறுபடி குடுத்து அனுப்பிட்டாங்க.”

“ஹவ்தா? அப்படியா?” என்றார். எனக்காகக் கையில் எடுத்து வைத்திருந்த புத்தகத்தைக் குனிந்து பார்த்தார். நான் விடவில்லை. அதன் அட்டையை விலக்கிப் பார்த்தேன். முன்பல் விழுந்த ஒரு பையன் பச்சை ஸ்வெட்டரில் சிரித்துக்கொண்டிருந்தான். அவனையும் எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

“இதுவும் அம்மா படிச்சதுதான் ஆன்ட்டி!”

“ஆமா, நானும் மறந்துட்டேன் பாரு. நீதான் புத்திசாலி” என்று என் தலையைத் தடவினார். இருவருக்கும் வீண் வேலையை மிச்சப்படுத்திவிட்ட பெருமையோடு, கொண்டுபோன புத்தகத்தையே தூக்கிக்கொண்டு திரும்பினேன். மழை இடத்தைப் பற்றிய சிபாரிசு என் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

அம்மா பையைத் திறந்து பார்த்தாள். கிழிந்த அட்டையைப் பார்த்தாள்.

“அக்கா ஒண்ணுமே சொல்லியுடலையா?”

“ரெண்டுமே படிச்சதுதானம்மா. அதான் வேண்டாம்னுட்டு வந்துட்டேன்.”

அவள் திட்டவில்லை. சமையலறைக்குப் போய், அடுப்பில் எதுவும் இல்லாமலேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“போன வாரம் அக்கா சொன்னதச் சொல்லு.”

“அப்பவே சொன்னேனேம்மா.”

“இன்னொருக்காச் சொல்லு கண்ணு.”

ஸ்வெட்டர், கழுத்து, மூன்று வாட்டி பிரித்தது எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அம்மா முதல்தரம் கேட்பவள்போல் கேட்டாள்.

“அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

“சொல்றப்ப சிரிச்சாங்களா?”

சிரித்தார் என்றுதான் நினைவு. தலையாட்டினேன்.

அன்று எனக்கு அம்மாவை நினைத்து மெய்யாகவே கவலையாகிவிட்டது. படித்த புத்தகம் மறந்துபோகிறது, கேட்ட சேதி மறந்துபோகிறது. எங்கள் வகுப்பில் ஞாபகசக்திக்கு வல்லாரை நல்லது என்று டீச்சர் சொல்லியிருந்தார். இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் முறையாகப் புகார் கொடுத்து, அம்மாவுக்கு வல்லாரை வாங்கித் தர வேண்டும் என்றேன். அப்பா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தட்டைப் பார்த்தாள். மறுநாள் அவர் மார்க்கெட்டுக்குப் போய் இரண்டு கட்டு வல்லாரை வாங்கிவந்தார். அம்மா துவையல் அரைத்தாள். அந்த வாரம் முழுக்க அவளுக்கு ஒரு உருண்டை கூடுதலாக விழுகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் புது நாளிதழை விரித்து, குடை பிடித்த அதே பெண்ணுக்கு அட்டை போட்டாள். ஓரங்களை மடித்து நகத்தால் அழுத்திவிட்டு லேபிளை என் பக்கம் தள்ளினாள்.

“இந்தத் தடவை என்ன சொல்லோணும்னு நல்லாக் கேட்டுக்கோ.”

வல்லாரை இன்னும் வேலை செய்யத் தொடங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.