எழுதத் தெரியாதவள் என்று எழுதினேன்

கைபேசியில் மக்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று ஆராய்வதுதான் என் பிழைப்பு. கோவளத்து மீன்காரப் பெண்களுக்கு எழுதத் தெரியாது என்று ஒரு கட்டுரை எழுதி, சாட்சிக்கு ஒருத்தியையும் மாமல்லபுரம் விடுதியில் நடந்த கருத்தரங்குக்கு அழைத்துப் போனேன்.

அரங்குக்கு வெளியே அவள் வாட்ஸ்அப்பில் வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஆங்கில எழுத்துகளில் தமிழ். ஐஸ் வண்டி வராததற்கு ஐஸ்காரனுக்கு நீளமான திட்டு.

"எழுதத் தெரியாதுன்னு சொன்னியேம்மா?"

"நீ தமிழ் எழுத்து தெரியுமான்னுதான சார் கேட்ட? இத்த எங்க கேட்ட?"

அடுத்து என் முறை. உள்ளே போய், கட்டுரையில் ஒரு வரியையும் மாற்றாமல் ஆங்கிலத்தில் வாசித்தேன். அறிஞர்கள் கைதட்டினார்கள். ஒன்றும் புரியாமல் அவளும் தட்டினாள்.

அந்தக் கட்டுரைதான் என்னைப் பேராசிரியராக்கியது. தேர்வுக் குழுவில் ஒருவரும் மீன்காரியிடம் பேசியவரில்லை. நானும் அதன்பிறகு பேசவில்லை.