பிடரி வைக்காத சிங்கம்

என் மாமி தைத்த கொடிகள் எந்தக் கம்பத்திலும் பறந்ததில்லை. எல்லாம் கடல் தாண்டிப் போய், யாரோ முன்பின் தெரியாதவர்களின் வீட்டுச் சுவர்களில் கண்ணாடிக்குள் தொங்கின. எந்தக் காலத்திலோ மூழ்கிப்போன கப்பல்களின் கொடிகளை அச்சொட்டாகத் திரும்பத் தைப்பித்துச் சேர்த்து வைக்கிற மனிதர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது, வந்தாறுமூலையில் எங்கள் வீட்டுக்கு மட்டுமே தெரிந்த செய்தி.

மாமி அப்பாவின் அக்கா. சுனாமி அவருடைய புருசனையும் வீட்டையும் தோணியையும் கொண்டுபோன பிறகு எங்களோடு வந்து இருந்தார். அதற்கு முன் அகதி முகாமில் இருந்தபோது, கூடாரத்தின் கிழிசலை அவர் தைத்திருந்த சீரைப் பார்த்து அசந்துபோன ஒரு வெள்ளைக்காரப் பெண்தான் இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தார். மெசினில் தைத்தால் அது அந்தக் காலத்துக் கொடி ஆகாதாம். ஒவ்வொரு தையலும் கையால் விழ வேண்டுமாம். "கப்பலும் இல்ல, கப்பல்ல வந்தவனும் இல்ல, கொடி மட்டும் என்னத்துக்கு மச்சாள்?" என்று அம்மா கேலி செய்வார். மாமி சிரித்துக்கொண்டே ஊசியில் நூல் கோப்பார். தைக்கும்போது மட்டும்தான் அவர் முகத்தில் சிரிப்பைக் காணலாம். அதனாலேயே எனக்கு அந்தக் கொடிகள் மேல் அப்படியொரு பிரியம்.

வடக்கே சண்டை முடியப் போகிறது என்று றேடியோ சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், ஒல்லாந்தர், அதுதான் டச்சுக்காரர், கப்பல் கொடி ஒன்று தைக்க வந்தது. சிவப்புத் துணியில் வாள் பிடித்த மஞ்சள் சிங்கம். துணியை மாமி ஏறாவூர்க் கடையில் எடுத்தார். அனுப்பியிருந்த பெரிய படத்தை உறுப்பு உறுப்பாக வெட்டி, துணியில் வைத்துக் கோடு போடுவது அவர் வழக்கம். முதலில் உடம்பு, பிறகு கால், வால், நகம், பல். வாளும் பிடரி மயிரும் கடைசியில்தான். பிடரி சின்னச் சின்னக் கூர்த்துண்டுகளாகக் கழுத்துக்கு மேலே படிய வேண்டும் என்பதால், அதுவரை பிஸ்கட் தகரத்துக்குள் காத்திருக்கும்.

பிடரி இல்லாத அந்த மிருகத்தைப் பார்த்து, "மாமி, இது சிங்கமா புலியா?" என்று கேட்டேன். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மா ஓடிவந்து என் வாயில் ஒன்று போட்டார். ஒரு சந்தேகம் கேட்டதற்கு அடியா என்று அன்று முழுக்க அம்மாவோடு கோபமாக இருந்தேன்.

மறுநாள் காலை ஆமியின் சுற்றிவளைப்பு. ஆம்பிளைகள் எல்லாரையும் வெளியே வரச் சொன்னார்கள். அப்பா அடையாள அட்டையோடு வாசல் படலையடியில் நின்றார். வீட்டைச் சோதிக்க வந்த இளம் அதிகாரி, மூலையில் மடித்திருந்த சிவப்புத் துணியை எடுத்து உதறி விரித்தார்.

விரித்தவர் அப்படியே நின்றுவிட்டார். "கொட்டியா?" என்றார். சிங்களத்தில் புலி. அந்தச் சொல் எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். படலையில் நின்ற இரண்டு பேர் அப்பாவின் கைகளைப் பிடித்து ட்ரக் பக்கம் திருப்பினார்கள். எனக்கோ மாமியை நினைத்து ரோசம் வந்தது. இவ்வளவு வடிவான சிங்கத்தை இந்த மனிசனுக்கு அடையாளம் தெரியவில்லையே! நேற்று நானும் அதையேதான் கேட்டேன் என்பது மறந்துபோய், சொல்லிக் கொடுக்க வாயெடுத்தேன். அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது.

மாமிதான் பேசினார். "சிங்கம் தம்பி. இன்னும் பிடரி வைக்கல்ல. இரிங்க, வைச்சிக் காட்டுறன்."

அதிகாரிக்குத் தமிழ் விளங்கியதோ, மாமி தன் கழுத்தைச் சுற்றி விரல்களை விரித்துக் காட்டியதுதான் விளங்கியதோ, ட்ரக் பக்கம் பார்த்து ஏதோ சொன்னார். அப்பாவை ஏற்றாமல் நிறுத்தி வைத்தார்கள். அதிகாரி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாமி நிலத்தில் அமர்ந்து, துணியை மடியில் பரப்பி, தகரத்தைத் திறந்தார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எறும்பு வரிசை போலத் தைக்கிறவர், அன்றைக்கு நெல்லுச் சாக்கு தைப்பது போல நீள நீளமாக இழுத்தார். வீட்டுக்கு வந்த ஆட்களுக்கு முன்னால் இப்படியா தைப்பது? ஊசி விரலில் ஏறி ரத்தம் வந்தது. சிவப்புத் துணியில் அது தெரியவும் இல்லை.

மஞ்சள் துண்டுகள் ஒவ்வொன்றாகக் கழுத்தில் ஏற ஏற, மிருகத்தின் முகம் மாறிக்கொண்டு வந்தது. பாதிப் பிடரியில் அதிகாரி எழுந்து குனிந்து பார்த்தார். "சிங்ஹயா," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். வெளியே கையைக் காட்டினார். அப்பாவை விட்டுவிட்டார்கள்.

அவர்கள் போன பிறகு அப்பா உள்ளே வந்து மாமிக்குப் பக்கத்தில் குந்தி, "அக்கா," என்றார். மாமி அவர் தலையைத் தடவினார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"மாமி, தையல் வடிவில்ல. பிரிச்சித் தைங்க."

"ஓம் மனே, பிரிச்சித்தான் தைக்கோணும்," என்றார் மாமி. அம்மா வாய்விட்டு அழத் தொடங்கினார். தையல் பிழைத்ததற்கு யாராவது இப்படி அழுவார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சண்டை முடிந்த பிறகும் கொடிகள் தைக்க வந்துகொண்டிருந்தன. அடுத்த சிங்கக் கொடிக்கு மாமி முதலில் பிடரியைத் தைத்தார். தலை இல்லை, உடம்பு இல்லை. வெறும் சிவப்புத் துணியில் பிடரி மட்டும். பிறகு அதற்கு அடியில் உடம்பைச் செருகித் தைக்க இரட்டிப்பு வேலை. ஏன் மாமி இப்படி என்று கேட்டேன்.

"முதல்ல சிங்கமெண்டு தெரியட்டும் மனே. மத்ததெல்லாம் ஆறுதலாத் தைக்கலாம்."

ஒல்லாந்தில் அப்படித்தான் தைப்பார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.